பிரிந்து கிடக்கும் கொரியர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகொரியா என்றால் நம் செய்திகளில் ஏவுகணையும் ராணுவ அணிவகுப்பும். தென்கொரியா என்றால் நாடகம், பாட்டு, செல்போன். இந்த இரண்டு படங்களுக்கும் பின்னால் ஒரே சனம் இருக்கிறது. அண்ணன் ஒரு பக்கம், தங்கை மறுபக்கம் என்று எழுபது வருடத்துக்கும் மேலாகப் பிரிந்து கிடக்கிறது. அவர்களைப் பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ராணுவக் கணக்குகளை அதிகம் தொடவில்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கொரியா எப்படி இரண்டானது? தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரிந்தார்களா?

கோடு முதலில் வந்தது, சண்டை பிறகுதான் வந்தது.

1910 முதல் 1945 வரை கொரியா முழுவதும் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் நேரத்தில் சோவியத் படை வடக்கிலிருந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எதுவரை சோவியத், எங்கிருந்து அமெரிக்கா என்று வகுக்கும் வேலை வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகளிடம் ஓர் இரவில் வந்து சேர்ந்தது. அவர்கள் கையில் இருந்தது ஒரு நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடம். அதில் 38-வது அட்சக்கோட்டைக் காட்டினார்கள், சோவியத்தும் ஒப்புக்கொண்டது. கொரியர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்தக் கோட்டின் இரு பக்கமும் 1948-ல் இரண்டு அரசுகள் வந்துவிட்டன: தெற்கில் ஆகஸ்ட் 15, வடக்கில் செப்டம்பர் 9. 1950 ஜூன் 25 அன்று வடக்குப் படை தெற்கே பாய்ந்தது. 1953 ஜூலை 27 அன்று பான்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. போர்நிறுத்தத்தில்கூடத் தென்கொரிய அரசு கையெழுத்துப் போடவில்லை.

அப்படியானால் இன்றைய எல்லை 38-வது கோடுதானா?

இல்லை. போர் நின்றபோது படைகள் எங்கே நின்றனவோ அதுதான் எல்லை. ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வெற்று நிலம், ஊசி வளைந்த மாதிரி நாட்டின் குறுக்கே கிடக்கிறது.

இந்த வித்தியாசம் பல ஊர்களின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. கேசோங் பழைய கொரியோ அரசின் தலைநகரம். ஜின்செங் என்ற மருந்து வேருக்குப் பேர் போன வியாபார ஊர். 1945-ல் அது தெற்கில் இருந்தது, போர் முடிந்தபோது வடக்கில் இருந்தது. கிழக்குக் கடற்கரையில் சோக்சோ இதற்கு நேர் எதிர்: வடக்கில் இருந்த ஊர் தெற்குக்கு வந்துவிட்டது. வீட்டை விட்டு நகராமலே நாடு மாறியவர்கள் இந்த இரண்டு ஊரிலும் உண்டு.

குடும்பங்கள் எப்படிப் பிரிந்தன?

இதைச் சொல்லும் எல்லாரும் ஒரே வார்த்தையில்தான் தொடங்குகிறார்கள்: "நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம்." போர்முனை முதல் ஒரு வருடத்தில் மேலும் கீழுமாகப் பலமுறை ஓடியது. சியோல் மட்டும் நான்கு முறை கைமாறியது. அதனால் இளைஞர்கள் படைக்குப் பிடித்துப் போகாமல் இருக்கக் கொஞ்ச நாள் தெற்கே ஒளிந்திருக்கலாம் என்று கிளம்பினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கோடு இறுகியது. நாலு நாள் முடியவே இல்லை.

1950 டிசம்பரில் நடந்த ஹுங்னாம் வெளியேற்றம் இதில் பெரியது. சீனப் படை போரில் இறங்கிய பிறகு அமெரிக்க, தென்கொரியப் படைகள் அந்த வடக்குத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. கூடவே ஏறக்குறைய 1,00,000 பொதுமக்களும் ஏறினார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பலில் சுமார் 14,000 பேர். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, கடும் குளிர். ஆனாலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் தெற்கே கோஜே தீவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கப்பலில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஒருவரும் சாகவில்லை. பின்னாளில் தென்கொரிய அதிபரான மூன் ஜே-இன்னின் பெற்றோர் இந்த வெளியேற்றத்தில் வந்தவர்கள்தான். அவர் 1953-ல் கோஜேயில் பிறந்தார். அவருடைய தாய் 2004-ல் தன் தங்கையை ஒருமுறை பார்க்க முடிந்தது.

மேற்கே கியோதோங் தீவின் கதை வேறு. எதிர்க்கரையிலிருந்து, யோன்பெக் சமவெளியிலிருந்து, மூன்றே கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டி மக்கள் வந்தார்கள். போக வசதியாகப் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். திரும்ப முடியவில்லை என்று உறுதியானதும், விட்டுவந்த ஊர்ச் சந்தையின் நினைவில் தெர்யோங் என்ற சந்தையைக் கட்டிக்கொண்டார்கள். அது இன்றும் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் அங்கிருந்து எதிர்க்கரை வயல் தெரியும்.

இப்படிப் பிரிந்தவர்களைக் கொரியர்கள் 'இசான் கஜோக்' என்பார்கள், சிதறிய குடும்பம் என்று பொருள். சொந்த ஊரை இழந்தவருக்கு 'சில்யாங்மின்' என்று தனிச் சொல் உண்டு.

ஒரு கடிதம்கூடப் போட முடியாதா?

முடியாது. தபால் இல்லை, தொலைபேசி இல்லை. தென்கொரியர் ஒருவர் வடக்கில் இருப்பவரோடு தொடர்பு கொள்ள வேண்டுமானால் அரசிடம் முறையாகத் தெரிவித்தாக வேண்டும். வடக்கில் தெற்கோடு பேசுவது பெரிய குற்றம்.

அதைவிடக் கொடுமை, உறவு இருக்கிறது என்பதே சுமையாகிப்போனது. வடக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'சோங்புன்' என்ற பின்னணித் தரம் உண்டு. வீட்டில் ஒருவர் தெற்கே போயிருந்தால் அந்தத் தரம் இறங்கிவிடும். படிப்பு, வேலை, தலைநகரில் வசிப்பது எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். தெற்கும் இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. வடக்கே போனவரின் பிள்ளைகள் தெற்கில் பல பத்தாண்டுகள் அரசு வேலையிலும் ராணுவத்திலும் சந்தேகத்தோடு ஒதுக்கப்பட்டார்கள். உறவினர் செய்ததற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1980-ல்தான் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். அதனால் இரண்டு பக்கமும் எத்தனையோ வீடுகளில், "உனக்கு ஒரு சித்தப்பா இருந்தார்" என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை.

1983-ல் தொலைக்காட்சியில் நடந்தது என்ன?

இது எல்லை தாண்டிய கதை இல்லை. தெற்குக்குள்ளேயே அகதி நெரிசலில் கைவிட்டுப்போனவர்களின் கதை. 1983 ஜூன் 30 அன்று கேபிஎஸ் தொலைக்காட்சி, பிரிந்தவர்களைத் தேடும் ஒரு நிகழ்ச்சியை ஒரே இரவு காட்டுவதாகத் தொடங்கியது. அழைப்பு நிற்கவில்லை. அது 138 நாள், மொத்தம் 453 மணி நேரத்துக்கு மேல் நேரலையாக ஓடியது. சியோலின் யோய்தோ பகுதியில் நிலையக் கட்டடத்தின் சுவர், தூண், தரை என்று எங்கும் காகிதம் ஒட்டினார்கள். பெயர், ஊர், தொலைந்த இடம், உடம்பில் உள்ள தழும்பு. ஐந்து வயதில் தொலைந்தவருக்குத் தன் சரியான பெயரே தெரியாது. அக்கா கூப்பிட்ட செல்லப் பெயர்தான் தெரியும். அதை வைத்துத் தேடினார்கள். 10,189 சந்திப்புகள் நடந்தன. ஒளிநாடாக்களும் அந்தக் காகிதங்களும் 2015-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன.

கொரியக் குழந்தையும் தகப்பனை 'அப்பா' என்றுதான் கூப்பிடும், நம் உச்சரிப்புக்கு மிக அருகில். அந்தப் பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாத இடம் அதுதான்.

வடக்கும் தெற்கும் நடத்திய குடும்பச் சந்திப்புகள் எப்படி இருந்தன?

1985-ல் சிறிய அளவில் ஒன்று நடந்தது. அப்புறம் பதினைந்து வருடம் ஒன்றுமில்லை. 2000 ஜூனில் தென்கொரிய அதிபர் கிம் டே-ஜுங் வடக்கின் தலைநகரான பியோங்யாங் போய், வடகொரியத் தலைவர் கிம் ஜோங்-இல்லைச் சந்தித்தார். அதே ஆகஸ்ட் 15 அன்று இரு பக்கமும் நூறு நூறு பேர் விமானத்தில் எதிரெதிர் தலைநகரத்துக்குப் போய் உறவினரைப் பார்த்தார்கள். அதிலிருந்து 2018 ஆகஸ்ட் வரை நேருக்கு நேர் 21 சுற்று. பெரும்பாலும் வடக்கில் இருக்கும் கும்காங் மலையில்.

தேர்வு கணினிக் குலுக்கலில். வயதும் உறவின் நெருக்கமும் கணக்கில் எடுக்கப்பட்டன. 2018-ல் தெற்கில் உயிரோடிருந்த பதிவுதாரர்கள் சுமார் 57,000 பேர்; ஒரு சுற்றில் இடம் 100 பேருக்கு. குலுக்கலில் பெயர் வந்தாலும், மறுபக்கத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்று பதில் வந்ததும் உண்டு. தொண்ணூறு வயதில் ஒருவருக்குத் தன் மகனின் சாவு இப்படித் தெரியவந்தது. அதைக் கேட்டபிறகும் சிலர் கிளம்பிப் போனார்கள், பார்த்தே இராத மருமகளையும் பேரனையும் பார்க்க.

மூன்று நாள், ஆறு அமர்வு, எல்லாம் சேர்த்து பதினொன்று பன்னிரண்டு மணி நேரம். முதல் சந்திப்பு பெரிய மண்டபத்தில், எண் போட்ட வட்ட மேசைகளில், எல்லார் முன்னாலும். வந்தவர்கள் பழைய புகைப்படத்தை எடுத்து வைத்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டினார்கள். வம்சாவளியைக் காகிதத்தில் எழுதி, அப்பா இறந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கொரியர்களுக்கு இறந்த நாளில் படையல் வைப்பது முக்கியம். அந்தத் தேதி தெரியாமல் தப்பான நாளில் அறுபது வருடம் படைத்தவர்கள் உண்டு. நம் வீடுகளில் திதி கொடுப்பவர்களுக்கு அந்த வலி புரியும்.

தெற்கிலிருந்து போனவர்கள் மூட்டை மூட்டையாக எடுத்துப் போனது: பஞ்சு வைத்த குளிர்ச்சட்டை, உள்ளாடை, மாத்திரை, பற்பசை, 'சோகோ பை' என்ற சாக்லேட் தின்பண்டம். வடக்குக்காரர்கள் தந்தது பெரும்பாலும் அரசு கொடுத்தனுப்பிய ஒரே மாதிரி மதுப் பெட்டி, மேசை விரிப்பு.

கடைசி நாள்தான் தாங்க முடியாதது. பேருந்து கிளம்பும். கண்ணாடிக்கு உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. ஒருமுறை பார்த்தவருக்கு மறுமுறை வாய்ப்பு இல்லை, பின்னால் கடிதமும் இல்லை. பார்த்துவிட்டு வந்தபிறகு தூக்கமில்லாமல் நோயில் விழுந்தவர்கள் பலர். பார்க்காமலே இருந்திருக்கலாமோ என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வடக்கில் மனைவி இருக்க, தெற்கில் மறுமணம் செய்துகொண்டவர்கள் நிலை?

நிறையப் பேர் அப்படித்தான். பத்து வருடம் காத்திருந்து, இனி வழியில்லை என்று தெற்கில் ஒரு குடும்பம் ஆனார்கள். மறுபக்கத்தில் மனைவி மறுமணம் செய்யாமலே இருந்ததும் நடந்தது. 2012-ல் தென்கொரியா இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிவுக்குப் பின் நடந்த இரண்டாம் திருமணத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. வடக்கில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தெற்கில் உள்ள அப்பாவின் சொத்தில் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பங்கை நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் தெற்கிலேயே பார்த்துக்கொள்வார். வடக்கில் உள்ள பிள்ளைகள் சியோல் நீதிமன்றத்தில் தங்கள் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டு, உடன்பாட்டில் முடித்ததற்குப் பின்புதான் இந்தச் சட்டமே வந்தது.

இரு பக்கமும் பேசுவது ஒரே மொழிதானா?

ஒரே மொழி, ஒரே எழுத்து. சந்தித்தால் பேசிக்கொள்ளலாம். ஆனால் மொழியின் பெயரிலேயே பிளவு இருக்கிறது. தெற்கில் நாடு 'ஹங்குக்', எழுத்து 'ஹங்குல்'. வடக்கில் நாடு 'சோசோன்', எழுத்து 'சோசோன்குல்'. எழுத்துநாள் தெற்கில் அக்டோபர் 9, வடக்கில் ஜனவரி 15. அகராதியில் எழுத்துகளின் வரிசைகூட வேறு. லீ என்று நாம் அறிந்த குடும்பப் பெயர் தெற்கில் 'இ', வடக்கில் 'ரி'. அண்ணன் தம்பி இருவர் பிரிந்திருந்தால் குடும்பப் பெயரே இரண்டு விதமாக எழுதப்படும்.

சொற்களைக் கேட்டால் ஆர்வமாக இருக்கும். தெற்கு ஆங்கிலச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டது. வடக்கு தன் சொற்களைக் கட்டிக்கொண்டது. டோனட்டுக்கு வடக்கில் 'மோதிர ரொட்டி' என்று பொருள்படும் சொல். ஷாம்பு அங்கே 'தலைக்கான தண்ணீர்ச் சோப்பு'. ஜூஸ் 'இனிப்புத் தண்ணீர்'. ஹெலிகாப்டர் 'நேராக ஏறும் வண்டி'. தனித்தமிழ் முயற்சிகளை அறிந்த நமக்கு இதில் ஒரு நெருக்கம் தோன்றும்.

குழப்பம் தருகிறவை வேறு. தெற்கில் 'ஓஜிங்ஓ' என்றால் கணவாய் மீன்; அதே மீனுக்கு வடக்கில் 'நக்ஜி' என்று பெயர், தெற்கிலோ நக்ஜி என்பது சின்ன ஆக்டோபஸ். 'இரோப்சும்னிதா' என்று வடக்குக்காரர் சொன்னால் "பரவாயில்லை" என்று பணிவாகச் சொல்கிறார். தெற்குக்காரர் காதில் "உன் உதவி ஒன்றும் வேண்டாம்" என்று விழும். 'தோங்மு' என்பது நண்பனுக்கு இருந்த பழைய நல்ல சொல். வடக்கு அதைத் தோழர் என்ற பொருளில் அரசியலுக்கு எடுத்துக்கொண்டதும், தெற்கில் அதை வாயில் எடுக்கவே மக்கள் பயந்தார்கள். ஒரு சொல் இப்படிச் செத்துப்போனது.

2005-ல் இரு பக்க மொழியறிஞர்களும் சேர்ந்து 'கியோரேமால்' பேரகராதி என்ற பொது அகராதியைத் தொடங்கினார்கள். 25 கூட்டங்கள் நடந்தன. 2015-க்குப் பிறகு கூடவில்லை. ஆயிரம் அரசியல் பேச்சுவார்த்தையைவிட இந்த வேலை நின்றதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

'ஒப்பா' என்று சொன்னால் வடக்கில் தண்டனையா?

நாடகம் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். பெண் தன் அண்ணனை அழைப்பது. தெற்கில் காதலனையும் அப்படி அழைப்பார்கள். 2020 டிசம்பரில் வடக்கு, தென்கொரியப் படம், பாட்டு முதலியவற்றைப் பார்ப்பதற்கும் பரப்புவதற்கும் எதிராகக் கடுமையான சட்டம் போட்டது. பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். 2023 ஜனவரியில் பியோங்யாங் பண்பாட்டு மொழிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூடப்பிறக்காதவரை 'ஒப்பா' என்பது, தெற்குச் சாயலில் வாக்கியத்தை இழுத்துப் பேசுவது எல்லாம் அதன்படி குற்றம். இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதிலிருந்தே, அங்கே இளைஞர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. சீன எல்லை வழியாக யுஎஸ்பி, மெமரி கார்டுகளில் அவை உள்ளே போகின்றன.

சாப்பாடு?

இங்கே எல்லை அவ்வளவாக வேலை செய்யவில்லை. பியோங்யாங் நெங்மியோன் என்பது பக்வீட் மாவில் செய்த நூல் சேமியா போன்றது. குளிர்ந்த இறைச்சிச் சாற்றில் வரும். முதல் வாய்க்கு உப்பு உறைப்பு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், பழகினால் விட மாட்டார்கள். சியோலில் இதற்குப் பேர் போன கடைகள் பல வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கியவை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கடைகளில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் முதியவர்கள் ஊர் ருசிக்காக வருகிறவர்கள். 2018 ஏப்ரல் 27 அன்று தென்கொரிய அதிபர் மூன் ஜே-இன்னுடன் நடந்த சந்திப்புக்கு வடகொரியத் தலைவர் கிம் ஜோங்-உன் பியோங்யாங்கின் ஓக்ரியுக்வான் உணவகத்து நெங்மியோனைக் கொண்டுவந்தார். அன்று மதியம் சியோல் நெங்மியோன் கடைகளில் வாசல் தாண்டி வரிசை நின்றது.

வடக்கில் ஹம்ஹுங் பக்கத்தார் உருளைக்கிழங்கு மாவில் இழுபடும் நூடுல்ஸ் செய்வார்கள். சோக்சோவில் 'ஆபாய்' என்று ஒரு குடியிருப்பு உண்டு. ஹம்கியோங் வட்டாரத்தில் வயதானவரை அழைக்கும் சொல் அது. ஊர் திரும்பக் காத்திருந்த அகதிகள் மணல்திட்டில் குடிசை போட்ட இடம். அங்கே கணவாய் மீனுக்குள் சோறும் காய்கறியும் அடைத்து வேகவைத்து விற்கிறார்கள். கம்பியைக் கையால் இழுத்து ஓட்டும் மிதவையில் ஏறித்தான் பல காலம் அந்த ஊருக்குப் போனார்கள்.

கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறி ஊறுகாயில் வடக்கில் உறைப்பும் உப்பும் குறைவு, தண்ணீர் அதிகம். கூட்டாகக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோவில் தெற்கு 2013-ல், வடக்கு 2015-ல் தனித்தனியாகப் பதிந்தன. அரிராங் என்ற நாட்டுப்பாட்டும் அப்படியே, தெற்கு 2012, வடக்கு 2014. ஒரே பாட்டுக்கு இரண்டு பதிவு. 2018-ல் சிரும் மல்யுத்தத்தை மட்டும் இரண்டும் சேர்ந்து ஒன்றாகப் பதிந்தன.

பண்டிகை நாட்களில் என்ன செய்கிறார்கள்?

'சொல்லால்' என்ற சந்திரப் புத்தாண்டும் 'சுசோக்' என்ற அறுவடைப் பண்டிகையும் இரு பக்கமும் உண்டு. அன்று முன்னோர் கல்லறைக்குப் போக வேண்டும். கல்லறை வடக்கில் இருந்தால்? பாஜு ஊரில் இம்ஜின் ஆற்றங்கரையில் 'மங்பெதான்' என்ற பலிபீடம் இருக்கிறது, தூரத்திலிருந்து வணங்கும் மேடை. சில்யாங்மின்கள் அங்கே பழம், அரிசிப் பலகாரம், மது வைத்து வடக்கைப் பார்த்து விழுந்து கும்பிடுகிறார்கள். முன்பு பிள்ளைகள் அப்பாவை அழைத்து வந்தார்கள். இப்போது அப்பாவின் படத்தோடு பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள்.

சியோலில் வடக்கு ஐந்து மாகாணங்களுக்கு என்று ஓர் அரசு அலுவலகமே இருக்கிறது. போய்ப் பார்க்கவே முடியாத மாகாணங்களுக்குத் தென்கொரியா ஆளுநர்களை நியமித்துக்கொண்டே வருகிறது. ஊர்க்காரர்களின் கூட்டங்களும் ஊர் வரலாற்று நூல்களும் இங்கிருந்து நடக்கின்றன.

வடக்கிலிருந்து தப்பி வருகிறவர்கள் தெற்கில் நன்றாக இருக்கிறார்களா?

இதுவரை தெற்குக்கு வந்தவர்கள் 34,000-க்கும் மேல். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் சீன எல்லையை ஒட்டிய ஹம்கியோங், ரியாங்காங் மாகாணத்தார். எல்லையை நேராகத் தாண்டி வருவது அபூர்வம். ஆற்றைக் கடந்து சீனா, அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா, பிறகு சியோல். சீனாவில் பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2009-ல் ஒரே வருடத்தில் 2,900 பேருக்கு மேல் வந்தார்கள். கொரோனாவில் எல்லை மூடியபோது 2021-ல் 63 பேர்.

தென்கொரிய அரசியல் சட்டத்தின்படி தீபகற்பம் முழுவதும் அதன் நிலம். அதனால் வருகிறவர் அகதி இல்லை, குடிமகன். விசாரணை முடிந்ததும் 'ஹனாவோன்' என்ற நிலையத்தில் சுமார் மூன்று மாதப் பயிற்சி: வங்கி அட்டை, சுரங்க ரயில், வேலைக்கு மனுப் போடுவது. பிறகு வாடகை வீடும் கொஞ்சம் பணமும்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பேச்சுச் சாயல் காட்டிக்கொடுத்துவிடும். கடையில் வேலை கேட்டால் சீனக் கொரியர் என்று சொல்லித் தப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். தெற்குப் பேச்சில் பாதி ஆங்கிலம், புரியாமல் தலையாட்ட வேண்டும். 2019-ல் சியோல் அடுக்குமாடி வீடு ஒன்றில் இப்படி வந்த ஒரு தாயும் ஆறு வயது மகனும் இறந்து கிடந்தார்கள். வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை. பல வாரம் யாருக்கும் தெரியவில்லை. பசியிலிருந்து தப்பி வந்தவர் பணக்கார ஊரின் நடுவில் அப்படிப் போனது தெற்கை உலுக்கியது.

அவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா?

சட்டப்படி வழி இல்லை, ஆனால் அனுப்புகிறார்கள். சீனத் தரகர் மூலம். அனுப்பும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கமிஷனாகவே போய்விடும். எல்லையோர மலையில் சீனக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கும் இடத்தில் கள்ளத்தனமாக வைத்திருக்கும் செல்போனில், "வந்து சேர்ந்ததா?" என்று அரை நிமிடம் கேட்டுக்கொள்வார்கள். பழைய தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று, இந்தத் தலைமுறைக்கு இந்த அரை நிமிடமாவது கிடைக்கிறது.

இரண்டும் சேர்ந்து எதையும் செய்ததே இல்லையா?

செய்திருக்கின்றன. 1998-ல் ஹ்யுண்டாய் நிறுவனர் சோங் ஜு-யுங் 1,001 மாடுகளை லாரிகளில் ஏற்றி எல்லையைக் கடந்து வடக்குக்கு ஓட்டிப் போனார். முதலில் 500, பிறகு 501. அவர் வடக்கில் தோங்சோன் ஊர் விவசாயி மகன். இளம் வயதில் அப்பா மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடி வந்தவர். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் போனேன் என்றார்.

அந்த வருடமே கும்காங் மலைச் சுற்றுலா தொடங்கியது. 2008-ல் ஒரு தென்கொரியப் பயணி சுடப்பட்டதும் நின்றது. கேசோங் தொழிற்பேட்டையில் 120-க்கும் மேற்பட்ட தெற்கு நிறுவனங்களில் 50,000-க்கும் மேல் வடக்குத் தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள். 2016 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கே ஒரே தையல் வரிசையில் பல வருடம் பக்கத்தில் நின்றவர்கள் விடைபெறக்கூட இல்லை.

விளையாட்டில் 1991-ல் ஜப்பானின் சிபாவில் உலக மேசைப்பந்துப் போட்டி. தெற்கின் ஹ்யுன் ஜுங்-ஹ்வா, வடக்கின் லி புன்-ஹுய் ஒரே அணியாக ஆடிச் சீனாவைத் தோற்கடித்துப் பெண்கள் அணித் தங்கம் வென்றார்கள். கொடி வெள்ளைத் துணியில் நீலத் தீபகற்பம். தேசிய கீதத்துக்குப் பதில் அரிராங். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மேசைப்பந்து கலப்பு இரட்டையரில் வடக்கு வெள்ளி, தெற்கு வெண்கலம். மேடையில் ஒரே செல்போனில் சேர்ந்து படமெடுத்துக்கொண்டார்கள். நான் அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன்.

கொரியாவுக்கு வெளியே இருக்கும் கொரியர்களும் பிரிந்திருக்கிறார்களா?

ஜப்பானில் இருப்பவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தெற்கைச் சார்ந்த மிந்தான், வடக்கைச் சார்ந்த சோங்ரியோன் என்று இரண்டு அமைப்பு. 1959 முதல் 1984 வரை நீகாட்டா துறைமுகத்திலிருந்து சுமார் 93,000 பேர் வடக்கே கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தெற்குதான். பாரபட்சமில்லாத நாடு என்று நம்பிப் போனவர்கள் திரும்ப முடியவில்லை.

இதில் இந்தியாவுக்கோ தமிழர்களுக்கோ தொடர்பு உண்டா?

உண்டு. கொரியப் போரில் இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை, மருத்துவப் படை அனுப்பியது. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போர் நின்ற பிறகு, சொந்த நாடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காக்கும் பொறுப்பும் ஜெனரல் திம்மய்யா தலைமையிலான ஆணையத்தின் கீழ் இந்தியாவிடம் வந்தது. இந்தியப் படை தன் மண்ணை மிதிக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ சொன்னதால், அவர்களை ஹெலிகாப்டரில் எல்லை நிலத்தில் இறக்கினார்கள்.

அந்தக் கைதிகளில் 88 பேர் வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம் என்றார்கள். அவர்களில் 76 பேர் கொரியர்கள். 1954 பிப்ரவரியில் இந்தியப் படையோடு கப்பலில் மதராஸ் வந்து இறங்கினார்கள். பலர் பிறகு பிரேசில், அர்ஜென்டினா போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்கள்.

இப்போது நிலைமை என்ன? ஒன்றுசேர வாய்ப்பு இருக்கிறதா?

2023 டிசம்பர் இறுதியில் கிம் ஜோங்-உன், தெற்கை இனி ஒரே இனத்தார் என்று கருத முடியாது, இது இரண்டு பகை நாடுகளின் உறவு என்று அறிவித்தார். அடுத்த மாதமே பியோங்யாங்கில் இருந்த ஒருங்கிணைப்பு வளைவு இடிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் இரு பக்கத்தையும் இணைத்த சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேசிய கீதத்திலிருந்து தீபகற்பம் முழுவதையும் குறிக்கும் 'மூவாயிரம் ரி' (ரி என்பது பழைய தூர அளவு) என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். 2025-ல் கும்காங் மலையில் குடும்பச் சந்திப்புக்கென்றே கட்டிய மண்டபத்தை வடக்கு இடிக்கத் தொடங்கியதாகத் தெற்கு அரசு தெரிவித்தது.

தெற்கிலும் இளைஞர்களிடம் ஆர்வம் குறைந்துகொண்டே வருகிறது. வேலை, வாடகை என்று அவர்கள் கவலை வேறு. வடக்கில் பாட்டி ஊர் எது என்று தெரிந்தவர்கள்கூடக் குறைவு. அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு நாடு தன் உறவை மறக்க மூன்று தலைமுறை போதும் என்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பார்க்கக் காத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர்?

1988 முதல் தென்கொரியாவில் பதிவு செய்தவர்கள் 1,34,000 பேருக்கு மேல். உயிரோடிருப்பவர்கள் 40,000-க்கும் குறைவு. அவர்களில் பாதிக்கு மேல் எண்பது வயதைத் தாண்டியவர்கள். நேரில் உறவைப் பார்த்தவர்கள், 21 சுற்றும் சேர்த்து, இரு பக்கமும் சுமார் 20,000 பேர்தான்.

இப்போது தெற்கு அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் செய்வது இரண்டு வேலை. ஒன்று, முதியவர்களின் ரத்த மாதிரியை எடுத்து மரபணு விவரத்தைச் சேமிப்பது. அவர்கள் போன பிறகும் பேரப்பிள்ளைகள் ஒருநாள் உறவை உறுதிசெய்துகொள்ள. இன்னொன்று, வீட்டுக்கே ஒளிப்பதிவுக்காரரை அனுப்பி, வடக்கில் இருப்பவருக்கு ஒரு செய்தியைப் பதிவு செய்வது. நல்ல உடை உடுத்தி, நேராக உட்கார்ந்து, தன் பெயர், அப்பா பெயர், ஊர், கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அப்புறம் தம்பியையோ மகளையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இப்படிப் பதிந்தவை ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. வடக்குக்குப் போய்ச் சேர்ந்தவை மிகச் சில.